மீள்தொடர் நீட்சி நோய்கள்

மீள்தொடர் நீட்சி நோய்கள் என்பவை, டி.என்.ஏ.வில் அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வரும் ஒரு குறுந்தொடர், இயல்பான எண்ணிக்கையைக் கடந்து நீண்டுவிடுவதால் உண்டாகும் பரம்பரை நோய்கள் ஆகும். இவற்றுள் பெரும்பாலானவை மூளை, நரம்பு, தசை ஆகியவற்றைத் தாக்குகின்றன. ஹண்டிங்டன் நோய், நொய்ந்த எக்ஸ் நோய், மயோட்டோனிக் தசைத் தேய்வு, ஃபிரீட்ரைக் தள்ளாட்ட நோய், முதுகுத்தண்டு-சிறுமூளைத் தள்ளாட்ட நோய்களில் பல வகைகள் என்பன இப்பிரிவில் அடங்கும். திரும்ப வரும் தொடர் மூன்று எழுத்துகளைக் கொண்டதாக இருப்பதே மிகுதி. ஆதலால் இவை முந்நியூக்கிளியோட்டைடு மீள்தொடர் நோய்கள் என்றும் வழங்கப்பட்டன. பின்னர் நான்கு, ஐந்து, ஆறு எழுத்துத் தொடர்களால் உண்டாகும் நோய்களும் கண்டறியப்பட்டதால் இப்பெயர் போதாததாயிற்று.

பிற மரபணு நோய்களில் ஓர் எழுத்து மாறியிருக்கும், அல்லது ஒரு பகுதி விடுபட்டிருக்கும். இந்நோய்களில் தவறான எழுத்து என்று எதுவும் இல்லை. நலமுள்ளவரிடம் இருக்கும் அதே தொடரே நோயுற்றவரிடமும் இருக்கின்றது. அது எத்தனை முறை வருகின்றது என்பது மட்டுமே வேறுபாடு. ஹண்டிங்டன் நோயைப் பொறுத்தவரை, 35 முறை வந்தால் அவருக்கு நோய் வராது. 40 முறை வந்தால், இயல்பான ஆயுள் வாழ்வாராயின், பெரும்பாலும் உறுதியாக வரும்.

பின்னணி

டி.என்.ஏ. இழை ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளால் குறிக்கப்படும் வேதியியல் அலகுகளால் ஆனது. புரதத்தை ஆக்குவதற்கான பகுதிகளில் இவ்வெழுத்துகள் மும்மூன்றாகப் படிக்கப்படுகின்றன. ஒவ்வொரு மூன்றெழுத்துச் சொல்லும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். சிஏஜி என்பது குளுட்டமின் என்னும் அமினோ அமிலத்துக்குரிய சொல். சிஏஏ என்பதும் அதே குளுட்டமினையே குறிக்கும். இவ்விரு சொற்களும் ஒரே பொருள் தருபவை என்பது இக்கட்டுரையின் பிற்பகுதியில் முக்கியமானதாகும்.

மனித மரபணுத்தொகுதியில் குறுந்தொடர்கள் அடுத்தடுத்து வரும் இடங்கள் ஏராளமாக உள்ளன. மொத்த டி.என்.ஏ.வில் இவை ஏறத்தாழ 3 விழுக்காடு. இவற்றில் மிகப் பெரும்பாலானவற்றால் எந்தத் தீங்கும் இல்லை. ஆளுக்கு ஆள் இவற்றின் நீளம் வேறுபடுவதாலேயே, குற்றவியல் ஆய்விலும் தந்தை யார் என அறியும் சோதனையிலும் இவை பயன்படுகின்றன.

இத்தகைய இடங்கள் ஏன் நிலையற்றவையாக உள்ளன என்பதைப் பின்வருமாறு விளங்கிக்கொள்ளலாம். ஒரு தாளில் "கடல்" என்ற சொல் இடைவெளியின்றி நாற்பது முறை எழுதப்பட்டிருக்கின்றது என்று கொள்வோம். அதைப் பார்த்துப் படியெடுப்பவர் ஒரு கணம் கண்ணை எடுத்துவிட்டு மீண்டும் பார்த்தால், விட்ட இடம் எது என்று அவரால் சொல்ல முடியாது. ஒரு "கடல்" கூடலாம், ஒன்று குறையலாம். இயல்பான உரைநடையைப் படியெடுப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. சுற்றியுள்ள சொற்கள் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போதும் சீர்செய்யப்படும்போதும் இத்தகைய வழுக்கல் நேர்கின்றது. மேலும், சிஏஜி போன்ற தொடர்கள் கொண்ட இழை தன்மேல் தானே மடிந்து கொண்டைஊசி வடிவம் கொள்ளக்கூடியது. இவ்வாறு துருத்திக்கொண்டிருக்கும் வளையத்தைச் சீர்செய்ய வரும் நொதிகள், அதை வெட்டி நீக்குவதற்கு மாறாக எதிர் இழையையும் அதற்கேற்ப நீட்டிவிடுவதுண்டு. தொடர் நீளமாக ஆக, இது நேர்வதற்கான வாய்ப்பும் கூடுகின்றது. அதாவது, நீண்டது மேலும் நீளும்.

கூடும் எழுத்துகள் எப்போதும் மூன்றின் மடங்காகவே இருப்பது இங்கு கவனிக்கத்தக்கது. ஓரெழுத்தோ இரண்டெழுத்தோ கூடினால் அதற்குப் பின் உள்ள அனைத்தும் தவறாகப் படிக்கப்பட்டு, புரதம் உருவாகாமலே போகும். மூன்றெழுத்தாகக் கூடும்போது பின்வருபவை சரியாகவே படிக்கப்படுகின்றன. புரதம் முழுமையாக உருவாகின்றது. அதன் ஓரிடத்தில் மட்டும் குளுட்டமின் சரம் ஒன்று தேவைக்கு மேல் நீண்டு தொங்குகின்றது.

ஹண்டிங்டன் நோய்

இப்பிரிவு நோய்களுள் மிக விரிவாக ஆராயப்பட்டது ஹண்டிங்டன் நோயே ஆகும். பெரும்பாலும் 30 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையில் தொடங்கும் இந்நோயில், கை கால்களும் முகமும் தன் விருப்பமின்றி நெளிந்து அசைகின்றன. நடை நடனம் போலத் தோன்றுவதால் கிரேக்கத்தில் நடனத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து "கொரியா" என்ற பெயர் இவ்வசைவுகளுக்கு ஏற்பட்டது. பல நேரங்களில் இவ்வசைவுகளுக்கு முன்பே எரிச்சல், மனச்சோர்வு, திட்டமிட இயலாமை போன்ற மாற்றங்கள் தோன்றிவிடுகின்றன. நோய் தொடங்கிய பின் ஏறத்தாழ 15 முதல் 20 ஆண்டுகளில் இறப்பு நேர்கின்றது. இது ஓங்கு மரபு நோய். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வருவதற்கான வாய்ப்பு சரிபாதி. நோய் வெளிப்படும் முன்பே பலருக்குக் குழந்தைகள் பிறந்துவிடுகின்றன என்பதே இதன் கொடுமை.

நோய்க்குக் காரணமான மரபணு நான்காம் நிறப்புரியின் குறுங்கையின் முனையருகே உள்ளது. அது ஆக்கும் புரதத்தின் பெயர் ஹண்டிங்டின். 3,100க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட மிகப் பெரிய புரதம் இது. சிஏஜி மீள்தொடர் இம்மரபணுவின் தொடக்கப் பகுதியிலேயே அமைந்துள்ளது. எண்ணிக்கையின் அடிப்படையில் மருத்துவர்கள் பின்வருமாறு பிரிக்கின்றனர். 26 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் இயல்பு. 27 முதல் 35 வரை இடைநிலை. அவருக்கு நோய் வராது, ஆனால் அடுத்த தலைமுறையில் தொடர் நீண்டுவிடக்கூடும். 36 முதல் 39 வரை இருந்தால் நோய் வரலாம், வராமலும் போகலாம். 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் வரும். 60ஐக் கடந்தால் பெரும்பாலும் 20 வயதுக்கு முன்பே நோய் தொடங்கிவிடுகின்றது. இளமையில் வரும் இவ்வகையில் நெளிவசைவை விட உடல் விறைப்பும் வலிப்பும் மிகுதி.

எண்ணிக்கை கூடக்கூட நோய் தொடங்கும் வயது குறைகின்றது. எனினும் இது ஒரு சராசரிக் கணக்கே. ஒரே எண்ணிக்கை கொண்ட இருவருக்குப் பத்து, இருபது ஆண்டு இடைவெளியில் நோய் தொடங்குவது அரிதன்று.

வரலாறு

இந்நோய் ஜார்ஜ் ஹண்டிங்டன் என்னும் அமெரிக்க மருத்துவரின் பெயரால் வழங்குகின்றது. 1872இல், மருத்துவப் படிப்பை முடித்த மறு ஆண்டிலேயே, தமது 22ஆம் வயதில் அவர் இதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். நியூயார்க்கின் லாங் தீவில் அவருடைய தந்தையும் பாட்டனாரும் மருத்துவர்களாக இருந்தனர். ஒரே குடும்பங்களை மூன்று தலைமுறை மருத்துவர்கள் கண்டுவந்த குறிப்புகள் கைவசம் இருந்ததாலேயே, இளம் மருத்துவர் ஒருவரால் நோய் வழிவழியாக இறங்கும் முறையைத் துல்லியமாக எழுத முடிந்தது. நோய் வராத ஒருவரின் வழித்தோன்றல்களுக்கு அது திரும்ப வருவதில்லை என்பதையும் அவர் குறித்துள்ளார். மெண்டலின் விதிகள் மீண்டும் கண்டெடுக்கப்பட்டதோ 1900இல்தான்.

வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரைச் சிற்றூர்களில் இந்நோய் மிகுந்து காணப்படுவதை 1950களில் அமெரிக்கோ நெக்ரெட்டே என்ற மருத்துவர் கண்டறிந்தார். அங்குள்ள மீனவ மக்கள் இதை "எல் மால்", அதாவது "கேடு", என்றே அழைத்துவந்தனர். பின்னாளில் அமெரிக்க உளவியலாளர் நான்சி வெக்ஸ்லர் தலைமையிலான குழுவினர் 1981 முதல் ஆண்டுதோறும் அங்கு சென்றனர். நான்சியின் தாயார் இந்நோயால் 1978இல் இறந்தவர். எனவே நான்சிக்கும் நோய் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தது. இக்குழுவினர் 18,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொண்ட மரபுவழி வரைபடத்தை உருவாக்கி, 4,000க்கும் மேற்பட்டோரின் குருதி மாதிரிகளைத் திரட்டினர்.

1983இல் ஜேம்ஸ் குசெல்லாவும் அவருடன் பணியாற்றியோரும் மரபணு நான்காம் நிறப்புரியில் இருப்பதை ஓர் அடையாளக்குறியின் துணையுடன் கண்டறிந்தனர். இடம் தெரிந்தபின் மரபணுவும் விரைவில் கிட்டிவிடும் என்றே அனைவரும் எண்ணினர். ஆனால் பத்து ஆண்டுகள் பிடித்தன. 1993இல் ஆறு ஆய்வுக் குழுக்கள் கூட்டாக வெளியிட்ட கட்டுரை, மரபணுவையும் அதிலுள்ள சிஏஜி நீட்சியையும் அறிவித்தது. அதுவரை அம்மரபணுவுக்கு ஆய்வகத்தில் வழங்கிய பெயர் "கவனத்துக்குரிய படி எண் 15" என்ற பொருளுடையது. வெனிசுவேலா மக்களின் குருதி இல்லாமல் இக்கண்டுபிடிப்பு இயன்றிருக்காது. ஏரிக்கரைக் குடும்பங்களின் வறுமை அதற்குப் பின்னும் நீங்கவில்லை. நான்சி வெக்ஸ்லர் தமக்கும் நோய் இருப்பதை 2020இல் வெளிப்படையாகத் தெரிவித்தார்.

எனினும், மீள்தொடர் நீட்சி நோய் என்ற கருத்துக்கு முதலில் வழிவகுத்தது ஹண்டிங்டன் நோய் அன்று. 1991இல் நொய்ந்த எக்ஸ் நோயிலும், கென்னடி நோய் எனப்படும் முதுகுத்தண்டு-மூளைத்தண்டுத் தசை நலிவிலும், 1992இல் மயோட்டோனிக் தசைத் தேய்விலும் இத்தகைய நீட்சி காணப்பட்டது.

தலைமுறைதோறும் முந்துதல்

சில குடும்பங்களில் பாட்டனுக்கு முதுமையில் இலேசாக வந்த நோய், மகனுக்கு நடுவயதிலும் பேரனுக்குப் பிறப்பிலேயே கடுமையாகவும் வருவது நெடுங்காலமாகக் கவனிக்கப்பட்டு வந்தது. மயோட்டோனிக் தசைத் தேய்வில் இதை ஜெர்மானியக் கண் மருத்துவர் புரூனோ ஃபிளைஷர் 1918இல் பதிவு செய்தார். கண்புரை மட்டும் இருந்த மூதாதையரின் வழியில் தசை நலிவுற்ற பேரர்கள் பிறந்திருந்தனர்.

இதை மரபியலாளர்கள் நம்ப மறுத்தனர். மரபணு என்பது மாறாமல் கைமாறும் ஒன்று; அது தலைமுறைதோறும் கேடு மிகுந்ததாக வளர்வது எங்ஙனம்? புகழ்பெற்ற ஆங்கிலேய மரபியலாளர் லயனல் பென்ரோஸ் 1948இல் வெளியிட்ட ஆய்வில், இது கணக்கெடுக்கும் முறையால் தோன்றும் மயக்கமே என்று வாதிட்டார். இளமையிலேயே கடுமையான நோய் கண்டவர்கள் பிள்ளை பெறுவதில்லை. ஆகவே பெற்றோராக நம் கண்ணில் படுபவர்கள் நோய் தாமதமாக வந்தவர்களே. பிள்ளைகளுள்ளோ, நோய் சீக்கிரம் வந்தவர்களே முதலில் மருத்துவரிடம் வருகின்றனர். இவ்விரண்டும் சேர்ந்து பொய்யான ஒரு போக்கைக் காட்டும் என்பது அவர் வாதம். வாதம் தருக்கப்படி சரியானது. பல நோய்களுக்கு இன்றும் பொருந்தும். ஆனால் இந்நோயைப் பொறுத்தவரை குடும்பத்தினரும் மருத்துவர்களும் கண்டதே உண்மை என்பது 1992இல் தெளிவாயிற்று. மரபணு மெய்யாகவே தலைமுறைதோறும் நீண்டுகொண்டிருந்தது.

நீட்சி தந்தை வழியில் மிகுதியா, தாய் வழியில் மிகுதியா என்பது நோய்க்கு நோய் வேறுபடும். ஹண்டிங்டன் நோயில் பெரும் நீட்சி பெரும்பாலும் தந்தையிடமிருந்தே வருகின்றது. இளமையில் நோயுறுவோரில் மிகப் பலருக்குத் தந்தையே நோயுடையவர். நொய்ந்த எக்ஸ் நோயிலும், பிறப்பிலேயே வரும் மயோட்டோனிக் தசைத் தேய்விலும் தாய்வழி நீட்சியே காரணம்.

நரம்பணுக்களுக்கு நேரும் கேடு

ஒரே வகையான நீட்சி, மரபணுவின் எப்பகுதியில் அமைகின்றது என்பதைப் பொறுத்து மூன்று வெவ்வேறு வழிகளில் கேடு விளைவிக்கின்றது.

முதலாவது, புரதமே நஞ்சாதல். ஹண்டிங்டன் நோய், கென்னடி நோய் உள்ளிட்ட ஒன்பது நோய்களில் சிஏஜி தொடர் புரதத்துக்குரிய பகுதியில் அமைந்து, நீண்ட குளுட்டமின் சரத்தை உண்டாக்குகின்றது. இச்சரங்கள் ஒன்றோடொன்று பல்வரிசைப் பூட்டுப்போலப் பிணையக்கூடும் என்று நோபல் பரிசு பெற்ற மேக்ஸ் பெரூட்ஸ் 1994இல் முன்மொழிந்தார். 1997இல் நோய்க்கு ஆளாக்கப்பட்ட எலிகளின் நரம்பணுக்களிலும், பின் நோயால் இறந்தோரின் மூளையிலும் இப்புரதம் திரண்ட கட்டிகள் காணப்பட்டன. கட்டிகளே நரம்பணுக்களைக் கொல்கின்றன என்று அப்போது பலரும் கருதினர். 2004இல் தனித்தனி நரம்பணுக்களை நாட்கணக்கில் தொடர்ந்து படம் பிடித்து ஆராய்ந்தபோது, கட்டி உருவான நரம்பணுக்களே கூடுதல் காலம் உயிர்வாழ்ந்தன. அதாவது, கட்டி என்பது நஞ்சை ஓரிடத்தில் ஒதுக்கிவைக்கும் ஏற்பாடாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, ஆர்.என்.ஏ. நஞ்சாதல். மயோட்டோனிக் தசைத் தேய்வில் சிடிஜி தொடர் புரதத்துக்குரிய பகுதிக்கு வெளியே உள்ளது; எனவே புரதத்தில் மாற்றமில்லை. ஆனால் நீண்ட ஆர்.என்.ஏ. உயிரணுவின் உட்கருவுக்குள்ளேயே தங்கி, பிற ஆர்.என்.ஏ.க்களை வெட்டி ஒட்டுவதற்குத் தேவையான புரதங்களைத் தன்னிடம் சிறைப்படுத்திக்கொள்கின்றது. இதனாலேயே ஒரே மரபணுக் கோளாறு தசை, இதயம், கண், நாளமில்லாச் சுரப்பி எனத் தொடர்பற்ற உறுப்புகளை ஒருசேரத் தாக்குகின்றது.

மூன்றாவது, மரபணு வாயடைத்துப் போதல். நொய்ந்த எக்ஸ் நோயில் சிஜிஜி தொடர் 200ஐக் கடந்தால் மரபணு வேதி மாற்றத்துக்குள்ளாகிச் செயலற்றுப்போகின்றது. ஃபிரீட்ரைக் தள்ளாட்ட நோயில் ஜிஏஏ தொடர் ஃபிராட்டாக்சின் என்ற புரதத்தின் அளவைக் குறைத்துவிடுகின்றது. இவ்விரண்டாவது நோய் ஒடுங்கு மரபைச் சேர்ந்தது. பெற்றோர் இருவரிடமிருந்தும் நீண்ட தொடர் வந்தால்தான் நோய் தோன்றும்.

இப்பகுப்பு முழுமையானதன்று. 2011இல், மரபணுவில் தொடக்கக் குறி இல்லாத இடத்திலிருந்தும்கூட நீண்ட தொடர்கள் புரதமாகப் படிக்கப்படுகின்றன என்பது தெரியவந்தது. அதே ஆண்டில், சி9ஓஆர்எஃப்72 என்னும் மரபணுவில் ஜிஜிஜிஜிசிசி என்ற ஆறெழுத்துத் தொடரின் நீட்சி, ஏ.எல்.எஸ். எனப்படும் இயக்க நரம்பணு நோய்க்கும் நெற்றிமடல்-பொட்டுமடல் மறதிநோய்க்கும் பொதுவான காரணமாக அறிவிக்கப்பட்டது. இதில் மேற்கூறிய மூன்று வழிகளும் ஒருங்கே செயற்படுவதாகக் கருதப்படுகின்றது.

உடலுக்குள்ளேயே நீளும் தொடர்

பிறக்கும்போதே மரபணுவில் நோய் இருந்தும், நாற்பது ஆண்டுகள் எவ்வித அறிகுறியும் இல்லாமல் ஒருவர் வாழ்வது எப்படி என்ற கேள்விக்கு நெடுங்காலம் விடை இல்லை. நஞ்சான புரதம் சிறுகச் சிறுகச் சேர்ந்து கேடு விளைவிக்கின்றது என்றே பாடநூல்கள் கூறிவந்தன.

2019இல் 9,000க்கும் மேற்பட்ட ஹண்டிங்டன் நோயாளரின் மரபணுக்களை ஆராய்ந்த கூட்டமைப்பு ஒன்று வேறு விதமான விடைக்கு வழிகாட்டியது. பெரும்பாலோரின் மரபணுவில் சிஏஜி தொடரின் முடிவில் ஒரு சிஏஏ, அதன்பின் ஒரு சிஏஜி என்ற அமைப்பு இருக்கும். சிஏஏவும் குளுட்டமினையே குறிப்பதால், புரதத்தைப் பொறுத்தவரை அது இருந்தாலும் சிஏஜியாக மாறினாலும் ஒன்றே. ஆனால் இந்த சிஏஏ இல்லாதவர்களுக்கு, குளுட்டமின் எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தும், நோய் மிக முன்னதாகவே தொடங்கியது. இரண்டு சிஏஏ உள்ளவர்களுக்குத் தாமதமாகத் தொடங்கியது. நோய் தொடங்கும் காலத்தை முடிவு செய்வது புரதத்தின் குளுட்டமின் நீளம் அன்று, டி.என்.ஏ.வில் இடையறாது வரும் சிஏஜியின் நீளமே என்பது இதனால் தெளிவாயிற்று. மேற்சொன்ன உவமையில், நாற்பது "கடல்" நடுவே ஒரு "அலை" இருந்தால் படியெடுப்பவர் அவ்வளவு எளிதில் வழுக்குவதில்லை என்பதை ஒப்பிடலாம். டி.என்.ஏ.வைச் சீர்செய்யும் புரதங்களுக்குரிய மரபணுக்களில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடுகளும் நோயை முந்தவோ பிந்தவோ செய்கின்றன.

2025 ஜனவரியில் வெளியான ஆய்வு இதை நேரடியாகவே காட்டியது. மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் என்னும் பகுதியின் நரம்பணுக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது, பிறப்பில் 40 முதல் 45 வரை இருந்த தொடர், அந்த நரம்பணுக்களுக்குள் பல பத்தாண்டுகளாக மெல்ல மெல்ல நீண்டு 80ஐ எட்டுகின்றது. அதன்பின் விரைந்து நீண்டு சில ஆண்டுகளிலேயே 150ஐக் கடக்கின்றது. 150ஐக் கடக்கும் வரை நரம்பணுவின் செயல்பாட்டில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. கடந்தபின் அது தன் அடையாளத்தை இழந்து மடிகின்றது. இதன்படி, பெற்றோரிடமிருந்து வந்த தொடர் தானே நஞ்சன்று. நீண்டு நீண்டு நஞ்சாக மாறக்கூடிய ஒன்று. நாற்பது ஆண்டு அமைதி என்பது, நரம்பணுக்களுக்குள் அத்தொடர் நீண்டுகொண்டிருக்கும் காலம்.

இப்பிரிவின் பிற நோய்கள்

முதுகுத்தண்டு-சிறுமூளைத் தள்ளாட்ட நோயின் 1, 2, 3, 6, 7, 17 ஆகிய வகைகள் குளுட்டமின் சரத்தால் உண்டாகுபவை. நடை தடுமாற்றம், பேச்சுக் குழறல், கண்ணசைவுக் கோளாறு என்பன பொதுவான அறிகுறிகள். நோய்க்குரிய எல்லை எண் வகைக்கு வகை பெரிதும் வேறுபடும். மூன்றாம் வகையில் ஏறத்தாழ 60 வேண்டும். ஆறாம் வகையில் 20ஏ போதும். ஏன் இவ்வளவு வேறுபாடு என்பது அந்தந்தப் புரதத்தின் தன்மையைச் சார்ந்தது.

நொய்ந்த எக்ஸ் நோய், பரம்பரையாக வரும் அறிவுத்திறன் குறைபாட்டுக்கான மிகப் பொதுவான காரணங்களுள் ஒன்று. இதில் 55 முதல் 200 வரை உள்ளவர்கள் நலமுள்ள கடத்திகள் என்றே முதலில் கருதப்பட்டனர். 2001இல், நோயுற்ற குழந்தைகளின் தாத்தாக்களிடம் முதுமையில் நடுக்கமும் தள்ளாட்டமும் காணப்படுவது அறிவிக்கப்பட்டது. இது இன்று தனியொரு நோயாக ஏற்கப்பட்டுள்ளது. பேரனை மருத்துவரிடம் அழைத்துவந்ததால் தாத்தாவின் நோய் அறியப்பட்டது எனலாம்.

மீள்தொடர் புரதத்தில் கூடுவதால் வரும் நோய்களில் பிரியான் நோய்களில் சிலவும் உண்டு. பிரியான் புரதத்தில் ஏறத்தாழ எட்டு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு வரிசை இயல்பாக ஐந்து முறை வரும். இது கூடுதலாக வரும் குடும்பங்களில் குரூட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய் போன்ற மூளைச் சிதைவு காணப்படுகின்றது. இது மேற்கூறியவற்றைப் போலத் தலைமுறைதோறும் நீள்வதில்லை. ஆகவே பொதுவாகத் தனிப்பிரிவாகவே வைக்கப்படுகின்றது.

பரவல்

ஹண்டிங்டன் நோய் ஐரோப்பிய மரபினரிடையே 1,00,000 பேருக்கு ஏறத்தாழ 10 பேர் என்ற அளவில் உள்ளது. கிழக்காசியாவில் இது மிகவும் குறைவு. தள்ளாட்ட நோய்கள் ஒவ்வொன்றும் ஒரு மூதாதையின் வழியில் குறிப்பிட்ட நிலப்பகுதிகளில் செறிந்து காணப்படுகின்றன. மூன்றாம் வகை போர்ச்சுக்கலின் அசோர்ஸ் தீவுகளிலும், இரண்டாம் வகை கியூபாவின் ஓல்கின் மாநிலத்திலும் மிகுதி. பன்னிரண்டாம் வகை, உலகின் பிற பகுதிகளில் அரிதாயினும், வட இந்தியாவின் அகர்வால் சமூகத்தினரிடையே பரவலாக உள்ளது. தமிழ்நாட்டிலும் ஒரு சமூகத்தாரிடையே முதலாம் வகை மிக உயர்ந்த அளவில் இருப்பதாக 2005இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஓங்கு மரபு நோயாதலால், நெருங்கிய உறவில் மணம் செய்யாமலிருப்பது மட்டுமே இதைத் தடுக்காது என்பது குறிப்பிடத்தக்கது.

மரபணுச் சோதனை

சிறிதளவு குருதியைக் கொண்டு மீள்தொடரின் எண்ணிக்கையை அறிந்துவிடலாம். அறிகுறி உள்ளவருக்கு இது நோயை உறுதி செய்யும் சோதனை மட்டுமே. அறிகுறி இல்லாத, ஆனால் பெற்றோருக்கு நோய் உள்ள ஒருவருக்கோ, தடுக்கவியலாத ஒரு நோய் தமக்கு வருமா என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிடும் சோதனை. 1993இல் நேரடிச் சோதனை இயன்றபோது, பெரும்பாலோர் அதைச் செய்துகொள்வர் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் நோய் வர வாய்ப்புள்ளோரில் சிறுபான்மையினரே சோதனை செய்துகொள்கின்றனர். இதைப் பொறுப்பின்மை என்று கூறுவது பொருந்தாது. மருந்தில்லாத நிலையில் அறியாதிருப்பதும் ஒருவரின் உரிமை என்பதை 1994இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் ஏற்றுள்ளன. சோதனைக்கு முன்னும் பின்னும் அறிவுரை வழங்கப்பட வேண்டும். அறிகுறி இல்லாத சிறுவருக்குச் சோதனை செய்யலாகாது. முடிவைப் பெறாமலே விலகிக்கொள்ளவும் ஒருவருக்கு உரிமை உண்டு என்பன அவற்றுள் சில.

ஒருவரின் முடிவு அவரோடு நிற்பதில்லை. பாட்டனுக்கு நோய் இருந்து, தாய் சோதனையை விரும்பாதபோது மகன் சோதனை செய்துகொண்டு நீட்சி இருப்பதாக அறிந்தால், தாய்க்கும் அது இருப்பது கேட்காமலே தெரிந்துவிடும். மேலும் 36க்கும் 39க்கும் இடைப்பட்ட எண்ணைப் பெறுபவருக்கு ஆம் என்றோ இல்லை என்றோ விடை கிட்டுவதில்லை. வழக்கமான சோதனைகள் நீளத்தை அளக்கின்றனவேயன்றி, இறுதியிலுள்ள சிஏஏவைத் தனியே காண்பதில்லை. எல்லையருகே உள்ளவர்களுக்கு இது பிழையான கணிப்பைத் தரக்கூடும். தம் நிலையை அறிய விரும்பாமலே, நீட்சியற்ற கருவை மட்டும் தேர்ந்து குழந்தை பெறும் முறையும் சில நாடுகளில் வழக்கில் உள்ளது.

மருத்துவம்

நீண்ட தொடரைச் சுருக்கும் மருந்து இல்லை. ஹண்டிங்டன் நோயின் நெளிவசைவைக் குறைக்க டெட்ராபெனசின் 2008இலும், அதன் வழிவந்த டியூடெட்ராபெனசின் 2017இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. இவை அறிகுறியைத் தணிப்பனவே. நோயின் போக்கை மாற்றுவதில்லை. ஃபிரீட்ரைக் தள்ளாட்ட நோய்க்கு 2023இல் அங்கு ஒப்புதல் பெற்ற ஓமாவெலோக்சலோன் அந்நோய்க்கான முதல் மருந்தாகும்.

நோய் தரும் மரபணுவை அணைத்துவிட்டால் தேறுதல் கிட்டும் என்ற நம்பிக்கைக்கு 2000இல் எலிகளில் செய்யப்பட்ட ஆய்வு வித்திட்டது. நோய் தொடங்கிய பின் மரபணுவை நிறுத்தியபோது, கட்டிகள் மறைந்து அசைவுகள் சீராயின. இதன் தொடர்ச்சியாக, ஹண்டிங்டின் உற்பத்தியைக் குறைக்கும் டோமினெர்சென் என்னும் மருந்து தண்டுவட நீர்மத்தில் செலுத்தப்பட்டு மனிதரிடம் சோதிக்கப்பட்டது. 2021 மார்ச்சில் அச்சோதனையில் மருந்தளிப்பு நிறுத்தப்பட்டது. மருந்தை அடிக்கடி பெற்றவர்களின் நிலை வெற்று மருந்து பெற்றவர்களினும் மேம்பட்டதாக இல்லை. இம்மருந்து நல்ல ஹண்டிங்டினையும் சேர்த்தே குறைக்கின்றது. அப்புரதம் அறவே இல்லாத எலிக் கருக்கள் பிறக்கும் முன்பே இறந்துவிடும் என்பது 1995 முதல் அறியப்பட்டதே.

ஏஎம்டி-130 என்னும் மரபணு மருந்து மூளை அறுவையின் வழியே ஸ்ட்ரையேட்டத்துக்குள் ஒரே ஒரு முறை செலுத்தப்படுவது. உயர் அளவு பெற்றவர்களிடம் மூன்று ஆண்டுகளில் நோய் வளர்ச்சி 75 விழுக்காடு குறைந்ததாக அதை உருவாக்கிய நிறுவனம் 2025 செப்டம்பரில் அறிவித்தது. உயர் அளவில் மூன்றாண்டு கண்காணிப்பை நிறைவு செய்தவர்கள் 12 பேர் மட்டுமே. ஒப்பீடும் உடன் சேர்க்கப்பட்ட நோயாளருடன் அல்லாமல், வேறோர் ஆய்வில் பதிவான நோயாளரின் தரவுகளுடன் செய்யப்பட்டது. தொடர் நரம்பணுக்களுக்குள் நீள்வதையே தடுக்கும் நோக்கில், எம்எஸ்எச்3 என்ற சீர்செய்யும் புரதத்தை அடக்கும் மருந்துகளும் ஆராயப்பட்டு வருகின்றன.